சீனாவின் தியான்ஜினிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. குளிரைக் காரணம் சொன்னால் அம்மா நம்பிவிடுவாள், நீங்கள் நம்பமாட்டீர்கள்.

குளிர் இருக்கத்தான் செய்கிறது, ஆறே உறைந்து கிடக்கிறது. ஆனால் மார்ச் வரை அறைக்குள் குழாய் வழியே சூடு வரும். அதனால் பழைய கோட்டே போதும். காலையில் தெருமுனையில் பச்சைப்பயறு மாவை ஊற்றி, முட்டையை உடைத்துத் தடவி ஜியான்பிங் சுடுகிறார்கள். பெசரட்டுக்கு அக்கா முறை. ஒன்று தின்றால் இரவுவரை தாங்குகிறது.

கீழ்வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். உங்களைப் போலவே யாரும் கேட்காமல் பாடம் நடத்துபவர். பனி பெய்தால் என்னை இங்குள்ள நான்காய் பல்கலைக்கழகத்துக்கு இழுத்துப்போவார். கணித மேதை ஷிங்-ஷென் செர்னும் அவர் மனைவியும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். கல்லறையே ஒரு கரும்பலகை! காஸ்-போனே தேற்றத்துக்குச் செர்ன் கைப்பட எழுதிய நிரூபணம் அதில் இருக்கிறது. எதிரே மாணவர்களுக்குப்போல் கல் இருக்கைகள். பெரியவர் மஃப்ளரால் பலகையைத் துடைக்க, நான் கல்லில் உட்கார்ந்து நடுங்குவேன்.

அந்தத் தேற்றப்படி, கிழிக்காமல் எவ்வளவு நசுக்கினாலும் ஒரு மூடிய பரப்பின் மொத்த வளைவு மாறாதாம். பந்துக்கும் பூசணிக்கும் அது ஒன்றே. உளுந்து வடைக்குப் பூஜ்யம். செர்ன் அதை இரண்டு, நான்கு, ஆறு என எல்லா இரட்டைப்படைப் பரிமாணங்களுக்கும், பரப்புக்கு வெளியே கால் வைக்காமல் உள்ளிருந்தே நிரூபித்தார். 1944இல் அச்சான கட்டுரை ஆறே பக்கம். உங்களுக்குப் பிடிக்கும்.

செர்ன் 1926இல் பதினைந்து வயதில் இதே நான்காயில் சேர்ந்தவர். ஹாம்பர்க், பாரிஸ் எல்லாம் படித்துத் திரும்பி, 1943இல் போருக்கு நடுவே ராணுவ விமானத்தில் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா சுற்றிப் பிரின்ஸ்டன் போயிருக்கிறார். மனைவி ஷாங்காயில். 1940இல் பிறந்த மகனை 1946இல்தான் முதன்முதலாகப் பார்த்தாராம். பிறகு சிகாகோ, பெர்க்லி. கடைசியில் இங்கேயே திரும்பி வந்து 2004இல் கண்ணை மூடினார்.

பாப்பாவின் மகனுக்கு மாமா என்று எதைக் காட்டுகிறீர்கள் அப்பா? போட்டோவையா?

தைக் கடைசியில் காதுகுத்து என்று எழுதியிருந்தீர்கள். வைகாசிக்குத் தள்ளலாமா என்று ஜோசியரைக் கேளுங்கள். டிக்கெட் விலையும் அதற்குள் இறங்கிவிடும். முடியாதென்றால் பெரியப்பா மகன் மடியில் உட்காரவையுங்கள். கம்மல் மட்டும் தாய்மாமன் சீர்தான், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். நகைக்கடையில் இப்போதைக்குக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். மேற்குச் சுவரில் ஓதம் என்றீர்களே, சுண்ணாம்பு அடிக்குமுன் அந்தப் பக்கத்துக் கூரை ஓடுகளை மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்