மாலையோடு முடியவில்லை

ஐயா,

ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சிலைக்கு மாலை போட்டதும் கலைந்துவிடுகிறோம். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னை மாகாண சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்குப் பொதுப் பாதை, குழாய், சுடுகாட்டைத் தடுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. வழக்கு சறுக்குவது காவல் நிலையத்தில்தான்: வழக்குப் பதியாமல், புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும், பிறகு ‘பேசித் தீர்த்துக்குங்க’. அதே சட்டத்தின் பிரிவு 18ஏ-யின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணையே வேண்டாம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.) பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம். எந்த நாள், எந்தக் குழாய், யார், என்ன சொல்லித் தடுத்தார் என்று எழுதுங்கள். ‘தீண்டாமை நடக்கிறது’ என்ற ஒற்றை வரிப் புகார் நீதிமன்றத்தில் நிற்காது.

– ஒரு வாசகர்