எங்கள் லிங்கின் பார்க் ரசிகர் சங்கத்தின் 2024 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வழக்கமாகச் செயலாளர் அறிக்கை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். இந்த முறை நீண்டுவிட்டது. அதற்குப் பொறுப்பு நான் மட்டுமல்ல என்பது செப்டம்பர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் வரை சொல்ல அதிகமில்லை. மாதக் கூட்டங்களில் இரண்டு, ஆள் சேராததால் நடக்கவில்லை. ஏப்ரலில் லிங்கின் பார்க் ராக் குழுவின் 'பேப்பர்கட்ஸ்' தொகுப்பு வந்தபோது, பிப்ரவரியில்தான் முதல் முறையாக வெளிவந்திருந்த 'ஃப்ரெண்ட்லி ஃபயர்' பாட்டைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். 2017இன் 'ஒன் மோர் லைட்' ஆல்பத்துக்கான வேலையின்போது பதிவாகி, அப்படியே உள்ளே கிடந்த பாட்டு. 2017இல் இறந்துபோன பாடகர் செஸ்டர் பென்னிங்டனின் குரல். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இனிமேல் பழைய பெட்டியிலிருந்து அவ்வப்போது ஒன்றை எடுத்துத் தருவார்கள், கேட்டுக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான் என்றே பலரும் நினைத்தோம். சங்கத்தைத் தொடர வேண்டுமா என்று கேட்டு ஒரு கடிதம்கூட எனக்கு வந்தது. பதில் எழுதத் தாமதமானது. அதற்குள் பதில் தானாகவே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 24 அன்று குழு 100 மணி நேரக் கவுன்ட்டவுன் ஒன்றைத் தொடங்கியது. ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? எண் பூஜ்யத்தைத் தொட்டது, பிறகு மேல்நோக்கி எண்ணத் தொடங்கியது. அன்று எனக்கு வந்த அழைப்புகளில் பேசப்பட்டவற்றை அறிக்கையில் எழுத முடியாது. செப்டம்பர் 5 அன்று நேரலையில் விஷயம் தெரிந்தது. பழைய உறுப்பினர்களான மைக் ஷினோடா, பிராட் டெல்சன், டேவ் ஃபேரல், ஜோ ஹான் நால்வருடன் டெட் சாரா என்ற குழுவின் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடகியாகச் சேர்கிறார். டிரம்ஸில் பழைய ராப் போர்டன் இல்லை, காலின் பிரிட்டன். 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பம் நவம்பர் 15 அன்று.

முதலில் வந்த 'தி எம்ப்டினெஸ் மெஷின்' பாட்டின் முதல் பகுதியை ஷினோடாவே பாடுகிறார், பல்லவியும் அவர் குரலில்தான். இரண்டாவது சரணத்தில்தான் எமிலி வருகிறார். ஷினோடா நம்மைக் கைபிடித்துப் பாதி வழி கூட்டிக்கொண்டு போய், அப்புறம் கதவைத் திறந்து காட்டுகிறார் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். இன்னொருவர் அதையே, "பயந்துகிட்டு ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்றார். ஒரே இருபது விநாடியைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டு பேரும் பேசினார்கள்.

செப்டம்பர் கூட்டத்தில் நடந்தது இதுதான். மூத்த உறுப்பினர் ஒருவர், "செஸ்டர் இல்லாத குழு அந்தப் பெயரை வைத்துக்கொள்வதைச் சங்கம் ஏற்கவில்லை" என்று தீர்மானம் கொண்டுவந்தார். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980இல் இறந்தபின் ஜாய் டிவிஷன் குழுவினர் பெயரை விட்டுவிட்டு நியூ ஆர்டர் என்று தொடங்கவில்லையா என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அதே 1980இல் பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்து, ஜூலையிலேயே புதுப் பாடகர் பிரையன் ஜான்சனை வைத்து 'பேக் இன் பிளாக்' வெளியிட்ட ஏசி/டிசியை எதிர்த்தரப்பு எடுத்துக்கொண்டது. ஒரே வருடம், இரண்டு குழுக்கள், இரண்டு வழி. இதற்குமேல் அந்த விவாதம் நகரவில்லை. கடைசி வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர், செஸ்டரே குழுவின் முதல் பாடகர் இல்லையே, குழு ஜீரோ என்ற பெயரில் இருந்தபோது மார்க் வேக்ஃபீல்ட்தானே பாடினார் என்று கேட்டார். உண்மைதான். செஸ்டர் வந்தது 1999இல். புது ஆல்பத்தின் தலைப்பே அந்தப் பழைய பெயரைத் தொட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் அதைச் சொன்ன விதம் சரியில்லை. அவரே பிறகு வருத்தம் தெரிவித்தார்.

தீர்மானத்தை வழிமொழிய ஒருவர் இருந்தார். வாக்கெடுப்புக்கு விடாமல் தலைவர் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்.

அந்த இடைவெளியில் நான் ஒரு காரியம் செய்தேன். சங்கத்தின் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் படித்தேன். 2007இல் 'மினிட்ஸ் டு மிட்நைட்' வந்த மாதத்துப் பக்கத்தில் "ராப் எங்கே போச்சு?" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. நியாயமான கேள்விதான். தயாரிப்பாளர் ரிக் ரூபினுடன் சேர்ந்து செய்த அந்த ஆல்பத்தில் ஷினோடா ராப் பாணியில் பாடுவது இரண்டே பாட்டில். அதற்கு முன் கேட்காத கிட்டார் சோலோ எல்லாம் வந்திருந்தது. 2010 பக்கம் இன்னும் காரம். 'எ தௌசண்ட் சன்ஸ்' ஆல்பத்தில் அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர், மாணவர் போராட்டத் தலைவர் மரியோ சாவியோ, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் பேச்சுத் துண்டுகள் நடுநடுவே வரும். "பாட்டு கேட்க வந்தோமா, பிரசங்கம் கேட்க வந்தோமா" என்று அன்று ஓர் உறுப்பினர் கூறியதாகப் பதிவாகியிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தேன். செப்டம்பரில் தீர்மானம் கொண்டுவந்த அதே மூத்த உறுப்பினர்! இப்போது அவரிடம் கேட்டால் அந்த ஆல்பம்தான் குழுவின் உச்சம் என்பார். 2017 பக்கத்தில் 'ஒன் மோர் லைட்' பற்றி எழுதியிருப்பதை நான் வாசித்துக் காட்டப் போவதில்லை. மே மாதம் 19 அன்று ஆல்பம் வந்தது, ஜூலை 20 அன்று செஸ்டர் போய்விட்டார். நடுவில் நாம் எழுதியது இரண்டரைப் பக்கம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அக்டோபர் கூட்டத்தில் குறிப்பேட்டைக் காட்டி யாரையும் மடக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, "பழைய சவுண்ட் என்று நீங்கள் சொல்வது எந்த ஆல்பத்தை?" என்று மட்டும் எழுதச் சொன்னேன். பேர் வேண்டாம். முதல் இரண்டு ஆல்பங்களான 'ஹைப்ரிட் தியரி'யும் 'மீட்டியோரா'வும் நிறைய வந்தன, அது எதிர்பார்த்ததுதான். 'எ தௌசண்ட் சன்ஸ்' என்று சில சீட்டு. மொத்தமும் கிட்டார் கத்தும் 2014இன் 'தி ஹண்டிங் பார்ட்டி' என்று ஒன்று. 'ஒன் மோர் லைட்' என்று இரண்டு. அந்த இரண்டைப் படித்ததும் அறையில் சிரிப்பு எழுந்தது. சிரித்திருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பள்ளிக்கூட வயதில் அந்த ஆல்பத்தோடு உள்ளே வந்தவர்களுக்கு அதுதானே பழசு?

டிரம்ஸ் வாசிக்கும் உறுப்பினர் ஒருவர் அன்று பேசியதுதான் இந்த ஆண்டின் நல்ல பேச்சு. குரலைப் பற்றியே எல்லோரும் அடித்துக்கொள்கிறீர்கள், கீழே அடி மாறியிருப்பதை யாரும் கவனிக்கவில்லை என்றார். போர்டன் இடம் விட்டு வாசிப்பார், ஹான் இசைத்தட்டைத் தேய்த்து எழுப்பும் ஒலியும், முன்பே பதிந்துவைத்த ஒலித்துண்டுகளும் அந்த இடைவெளியில் உட்காரும். பிரிட்டன் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார், அவர் தயாரிப்பிலும் பங்கெடுத்தவர் என்பது கேட்கும்போதே தெரிகிறது என்றார். போட்டுக் காட்டினார். எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் "பழைய மாதிரி இல்லை" என்று மொட்டையாகச் சொல்லவில்லை. எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று சொன்னார்கள்.

ஒருவர் ஸ்டாப்வாட்ச் கொண்டுவந்திருந்தார். 2007இன் 'கிவன் அப்' பாட்டில் செஸ்டரின் அலறல் 17 விநாடி. செப்டம்பரில் வந்த 'ஹெவி இஸ் தி கிரவுன்' பாட்டில் எமிலியின் அலறலும் ஏறக்குறைய அதே நீளம். இரண்டையும் மூன்று முறை அளந்தார்கள். இதை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை, கேட்டவர்களுக்காக இங்கே சொல்கிறேன். நீளம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. செஸ்டர் அலறி முடித்த அடுத்த மூச்சில் மெல்லிய குரலுக்கு இறங்கிவிடுவார். எமிலியின் குரலில் கரகரப்பு எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்களின் பட்டியலும் என்னிடம் இருக்கிறது.

ஒத்திவைத்த தீர்மானத்தை மூத்த உறுப்பினர் அக்டோபர் கூட்டத்தின் முடிவில் திரும்பப் பெற்றுக்கொண்டார். காரணம் கூறவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நவம்பர் 15 மாலை ஆல்பத்தை முழுதாகக் கேட்டோம். 11 தடம், அரைமணிக்குக் கொஞ்சம் மேல். முதல் தடத்தில் எமிலி ஆல்பத்தின் பெயரையே விசாரிக்கும் சில விநாடிப் பேச்சு வரும்போது நல்ல கலகலப்பு. அமெரிக்க ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் ஆல்பம் 2ஆம் இடம் பிடித்தது. 'ஹைப்ரிட் தியரி'யும் அந்தப் பட்டியலில் 2க்கு மேல் ஏறவில்லை என்பதை ஆதரவாளர்கள் வெற்றியாகச் சொன்னார்கள். எதிர்ப்பாளர்கள், நடுவில் வந்தவற்றில் பெரும்பாலானவை 1ஆம் இடம் பிடித்தவை என்றார்கள். இரண்டும் சரி.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரைப் பார்க்கவும். விலகுவதாகச் சொன்ன உறுப்பினர்களில் ஒருவர் தவிர மற்றவர்கள் நவம்பரில் வந்திருந்தார்கள், பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். கூட்ட அறையின் இடது ஸ்பீக்கர் அன்று கடைசிப் பாட்டில் நின்றுபோனது. பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.

நிலுவையில் உள்ளது ஒன்று. சங்கத்தின் பேனரில் பழைய ஆறு பேரும் இருக்கிறார்கள். புதிதாக அச்சிட வேண்டும் என்று ஒரு கடிதமும், தொடக்கூடாது என்று மூன்று கடிதமும் வந்துள்ளன. பழையதை அப்படியே விட்டு, பக்கத்தில் இன்னொன்று மாட்டலாம் என்று செயற்குழு கருதுகிறது. சுவரில் இடம் போதுமா என்று தலைவர் அளந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்