கடைக்கார ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஆஸ்பத்திரியில் இருந்த என் கணவர், இவர், வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் சமைத்துக் கொண்டுவந்து தந்த தமிழ்க் குடும்பங்கள், பனி வழித்த அயலவர்கள், பிள்ளைகளின் ஆசிரியர்கள், இரவில் போர்வை தந்த தாதிமார் எல்லோருக்கும் நன்றி. ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

சஸ்காச்சுவான் குளிரில் காரின் முன்னால் தொங்கும், இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரின் வயரை இரவில் மின்சாரத்தில் செருகாவிட்டால் காலையில் இயந்திரம் அசையாது. எங்கள் வீட்டில் அது இவருடைய வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து பிந்தி வந்து அப்படியே படுத்துவிடுவேன். விடிய வெளியே வந்தால் வயர் செருகியிருக்கும். அம்மா செய்கிறார் என்று நான் நினைக்க, அம்மா நான் என்று நினைத்திருக்கிறார். மூலைக்கடை ஐயாதான், நான் வந்து சேரும்வரை பார்த்திருந்து, செருகிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு நாளும் கதவைத் தட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில் அழைப்பு வந்த அன்று கார் உடனே ஸ்டார்ட் ஆனது. வழியெல்லாம் அழுதேன்.

நன்றி சொல்லப் போனபோது அவர் தன் தாத்தாவின் கடன் கொப்பிகளை எடுத்துக் காட்டினார். ரயில் பாதை வந்த கையோடு தாத்தா தொடங்கிய கடை அது. முட்டையும் வெண்ணெயும் கொடுத்துச் சீனி வாங்கிப் போவார்களாம். 1930களில் மழை பொய்த்து மண் பறந்தது. முன்பு ஒரு புசல் (சுமார் 27 கிலோ) ஒரு டாலருக்கு மேல் விற்ற கோதுமை 1932ல் நாற்பது சதத்துக்கும் கீழே போனது. பெட்ரோலுக்குக் காசில்லாமல் காரைக் குதிரையில் பூட்டி, அப்போதைய கனடாப் பிரதமர் பெனட்டின் பெயரால் 'பெனட் வண்டி' என்று அழைத்தார்கள். கிழக்கிலிருந்து நிவாரணமாக ரயிலில் வந்த உப்புக் கருவாட்டை எப்படிச் சமைப்பதென்று பலருக்குத் தெரியவில்லையாம். ஊறவைக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு யாழ்ப்பாணத்தாள் இல்லாமல் போனாளே என்று அம்மாவுக்கு இன்னும் கவலை.

அந்த ஆண்டுகளின் பக்கங்களில் பாதிக்கு மேல் அடைபடாத கடன். அதற்காகத் தாத்தா யாருக்கும் மாவு இல்லை என்று சொன்னதில்லையாம். ஐயா இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கடை என்றால் அப்படித்தானே என்பது போலச் சொன்னார்.

1995ல் தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை நின்றபின் இந்த மாகாணத்தில் எத்தனையோ கிளைப் பாதைகள் மூடப்பட்டன. பாதையோரம் தானியம் சேமித்து ரயிலில் ஏற்றும் 'எலிவேட்டர்' என்ற உயரமான மரக் களஞ்சியங்களை இடித்தார்கள், அவற்றோடு கடைகளும் போயின. எங்கள் ஊரிலும் தண்டவாளம் இல்லை. கடை மட்டும் இருக்கிறது, மூன்றாம் தலைமுறையின் கையில்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பால் ஒரு டாலர் கூடவென்றாலும் வாரச் சாமான் இனி அங்கேதான். நகரத்துப் பெரிய கடைக்கு அரிசிக்கும் மிளகாய்த்தூளுக்கும் மட்டும் போவோம். பக்கத்து ஊர்களில் இருக்கும் நம்மவர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடை மிஞ்சியிருந்தால் தயவுசெய்து அங்கே வாங்குங்கள்.

ஐயா, மகள் இதை உங்களுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவாள். சனிக்கிழமை மதியம் சாப்பிட வாருங்கள். இவரும் மேசையில் இருப்பார்.