கீழக்கரைக்கு ஒரு தகவல் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரையில் தொதல் என்னும் இனிப்பு வியாபாரம் செய்கிறேன். திருச்செந்தூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக ராமேசுவரம் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். தொதல் வாங்க இறங்குகிறவர்கள், "இங்கே பார்க்க என்னம்மா இருக்கு?" என்று கேட்கிறார்கள். பொட்டலம் மடித்துக்கொண்டே எவ்வளவுதான் சொல்ல முடியும்?

போன மாதம் மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், சீதக்காதி அடங்கியிருப்பது எங்கள் ஊரில்தான் என்றேன். "செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சின்ன வயசிலிருந்து சொல்றோம், அவர் இங்கேயா இருக்கார்?" என்று அப்படியே நின்றுவிட்டார். சீதக்காதி, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்து வணிகர், உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவர். அவர் அடக்கத்தலம் இருக்கும் நடுத்தெரு ஜும்ஆ பள்ளிவாசலில் கல்தூண்களைப் பார்க்க வேண்டும். கோயில் மண்டபத்துத் தூண்களைப் போலவே பூ வேலைப்பாடு. இதைக் காட்டிச் சொல்ல ஆள் இல்லாததால், பலர் செல்போனைப் பார்த்துக்கொண்டே பழைய குத்பா பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் இரண்டும் வேறு. வெள்ளிக்கிழமை மதியம் வந்து, தொழுகை நேரம் என்று தெரியாமல் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்புறம் கடல். முத்தும் சங்கும் எடுத்த ஊர் இது. இங்கே குளித்தெடுத்த சங்குதான் வங்காளத்துப் பெண்கள் கையில் வளையலானது. எதிரே இருக்கும் தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை; 1986இல் அறிவித்தார்கள். நினைத்தபடி படகேறிப் போக முடியாது என்பதையும் வருகிறவர்களுக்கு யாராவது முதலிலேயே சொல்ல வேண்டும்.

பெரிய கட்டடமெல்லாம் வேண்டாம். பேருந்து நிலையத்திலேயே ஓர் அறை, சுவரில் தெருக்கள் தெளிவாகத் தெரியும் வரைபடம், தொழுகை நேரமும் உடை ஒழுங்கும் எழுதிய பலகை, குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை. இவ்வளவு போதும். உட்கார்ந்து பேச, படித்துவிட்டு வேலை தேடும் உள்ளூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர்களையும் வாரத்தில் ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். அவர்கள் சொல்வது எந்தப் பலகையிலும் கிடைக்காது.

நகராட்சியும் சுற்றுலாத் துறையும் கலந்து பேசி, இந்தக் கோடை விடுமுறைக்கு முன்பே அறையைத் திறக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தொதல் வியாபாரி,
கீழக்கரை