அறைக்கு இரண்டு கருவிகள் போதுமா? சுங்கை சிப்புட் விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி உரிமையாளர்களே, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டின் கமுனிங், எல்பில், ஹீவூட் போன்ற தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் குடியிருக்கிறார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி என்று ஊருக்கு வரும்போது, படுத்தெழத் தோட்டத்து வீடு இல்லாததால் உங்கள் விடுதிகளை நம்பியே வருகிறார்கள். அப்படி வரும் நான்கு பேர் கொண்ட குடும்பத்திடம் ஆளுக்கொரு கைப்பேசியும், விடுப்பிலும் அலுவலக வேலை விடாதவரின் மடிக்கணினியும், பிள்ளைகளின் டேப்லட்டும் இருப்பதை இன்று யாரும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால், நம் ஊர் விடுதிகள் சிலவற்றில் கதவின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாள், ஓர் அறைக்கு இரண்டு கருவிகள் மட்டுமே வைஃபையில் இணையலாம் என்கிறது. (அண்ணன் தம்பி ஒரே அறையில் தங்கினால் யாருடைய கைப்பேசியை இணைப்பது என்பதற்கே ஒரு பஞ்சாயத்து வைக்க வேண்டும்.) அந்த வரம்பை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

உங்கள் கவலை நியாயமானது. ஒரே இணைய இணைப்பை எல்லா அறைகளும் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஓர் அறைக்காரர் படம் படமாகப் பதிவிறக்கம் செய்தால் மற்றவர்கள் முகப்பிடத்துக்கு வந்து சத்தம் போடுகிறார்கள். ஆனால், இணைப்பு முழுவதையும் உறிஞ்சிவிட ஒரே ஒரு மடிக்கணினி போதும். வாட்ஸ்அப்பில் செய்தி பார்க்கும் ஐந்து கைப்பேசிகள் சேர்ந்தாலும் அந்த அளவில் சிறு பங்குகூட வராது. ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது கருவிகளின் எண்ணிக்கையை அன்று, ஓர் அறை எடுத்துக்கொள்ளக்கூடிய வேகத்தை. விடுதிகளுக்கென விற்கப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் இதற்கான வசதி உண்டு. பொருத்திக் கொடுத்தவரிடம் சொன்னால் அவரே அமைத்துத் தருவார்.

மேலும், நீங்கள் எண்ணும் கணக்கே இப்போது சரியாக வருவதில்லை. ரவுட்டர் ஒவ்வொரு கருவியையும் அதன் மேக் முகவரியை, அதாவது இணையும்போது கருவி காட்டும் அடையாள எண்ணை, வைத்தே அடையாளம் காண்கிறது. ஆனால் 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து, கைப்பேசிகள் தங்கள் உண்மையான முகவரியை மறைத்து, வைஃபை பெயர் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முகவரியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. மாடிக்கு ஒரு வைஃபைப் பெயர் வைத்திருக்கும் விடுதியில், மேல்மாடியில் இணைந்த பாட்டியின் கைப்பேசி, கீழே பசியாற வந்து அங்குள்ள பெயரில் இணைந்ததும் இரண்டாவது கருவியாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அறைக்குரிய இரண்டும் அத்துடன் முடிந்தன. பாட்டிக்குக் காரணம் விளங்காது; முகப்பிடத்தில் இருக்கும் பையனுக்கும் விளங்காது.

விவரம் தெரிந்தவர்களை இந்த வரம்பு தடுப்பதுமில்லை. விண்டோஸ் 10 உள்ள மடிக்கணினி, தான் பெற்ற வைஃபையையே எட்டுக் கருவிகள் வரை பகிர்ந்து கொடுக்கும். ரவுட்டருக்கு அது ஒரே கருவியாகத்தான் தெரியும். பயணத்துக்கென விற்கும் சிறு ரவுட்டர்களும் இதையே செய்கின்றன. வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என மூன்றே உள்ள நிலையில், அறைக்கு அறை இப்படி ஒரு சொந்த வைஃபை முளைத்தால் உங்கள் சேவைதான் மேலும் தடுமாறும்.

உள்நுழையும் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறை எண்ணையும் குடும்பப் பெயரையும் கேட்கும் பக்கத்தில் நம்மவர்கள் எதை எழுதுவது? அடையாள அட்டையைப் பார்த்துப் பதிந்தவர் தகப்பனார் பெயரைப் போட்டாரா, சொந்தப் பெயரைப் போட்டாரா, நடுவில் உள்ள ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்), ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) என்பதையும் சேர்த்தாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். விருந்தினர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கீழே இறங்கி வருகிறார். சில பக்கங்கள் அடையாள அட்டை எண்ணையும் கேட்கின்றன. முகப்பிடத்தில் ஏற்கெனவே பெற்றுக்கொண்ட விவரத்தை மறுபடியும் இணையத்தில் வாங்குவதற்கு என்ன தேவை இருக்கிறது? தேவைக்கு மிஞ்சிய விவரங்களைத் திரட்டக்கூடாது என்பது மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. அறைக்கு ஒரு குறியீட்டை ரசீதிலேயே அச்சிட்டுக் கொடுத்தால் இரண்டு தொல்லைகளும் தீரும்.

ஓர் அறையின் கருவியை அடுத்த அறையின் கருவி காணாதபடி சிலர் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் கைப்பேசிப் படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட முடியவில்லை என்று சிலர் குறைப்படலாம். என்றாலும் அது பாதுகாப்புக்கானது, அதை எடுக்க வேண்டாம். அறையைக் காலி செய்தவர்களின் கருவிகள் ரவுட்டர் தற்காலிகமாக ஒதுக்கித் தரும் ஐபி முகவரிகளை (இவை மேலே சொன்ன மேக் முகவரிகள் அல்ல) ஒருநாள் முழுவதும் பிடித்துவைத்திருக்காமல், அந்தக் கால அளவை ஓரிரு மணி நேரமாகக் குறைத்தால் திருவிழாக் கூட்டத்தில் நெரிசல் பெருமளவு தணியும்.

உடனே வரம்பை எடுக்க இயலாதவர்கள், அதை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். பணம் கட்டி, பெட்டியைத் திறந்த பிறகு கதவின் பின்னால் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை கூடாது. மூன்றாவது கருவிக்குத் தனிக்கட்டணம் வாங்குவோரும் அத்தொகையை அறை வாடகையோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்குள் இம்மாற்றங்களில் சிலவற்றையேனும் செய்வீர்கள் என எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர்