புரோமோவுக்கு இரண்டு இரவு வேண்டும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்தது. அத்தை முழங்கால் வலி தேறி, பத்துமலைப் படி ஏறி இறங்கிவிட்டார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் சுகம். சாயங்காலமானால் மழை, துணி காய்வதில்லை, அவ்வளவுதான் குறை.

விடுமுறைக்கு ஜாவாவில் புரோமோ எரிமலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் நீ அனுப்பிய அந்த ஒரே இரவுப் பயணத்தை மட்டும் எடுக்காதே. நடுராத்திரியில் சுராபாயாவில் வேன் ஏறி, மூன்று மணிக்கு ஜீப் மாறி, உதயம் பார்த்து, எரிமலை வாய்க்கு ஓடி, மத்தியானம் விமான நிலையம் திரும்புவதென்றால் யாருக்கும் தூக்கம் இருக்காது. பனிமூட்டம் வந்தால் பார்க்க மறுநாளும் கிடையாது. தம்பிக்கு மூச்சிழுப்பு வேறு இருக்கிறது. மலைமேல் செமோரோ லாவாங் கிராமத்தில் இரண்டு இரவு தங்குங்கள்.

கோலாலம்பூரிலிருந்து சுராபாயாவுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து புரோபோலிங்கோ வரை நெடுஞ்சாலை, பிறகு வளைந்து வளைந்து மலைப்பாதை. வாந்தி வரும் என்றால் மலையேறுமுன் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல். ரூப்பியாவைக் கீழேயே எடுத்து வைத்துக்கொள். பூங்கா நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால். உதயம் அங்கே ஐந்தரையை ஒட்டி. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது.

எல்லாரும் பகிரும் அந்தப் படத்தில், முன்னால் சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக நிற்கிறதே, அது புரோமோ இல்லை. அது பாத்தோக், அணைந்துபோன மலை. மழைநீர் அரித்து அரித்து வந்த மடிப்புகள் அவை. பக்கத்தில் உச்சி வெட்டுப்பட்டது போல, வாயிலிருந்து வெள்ளைப் புகை விட்டுக்கொண்டிருப்பதுதான் புரோமோ, 2,329 மீட்டர். தூரத்தில் கூம்பாக நிற்பது செமேரு, 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரமானது. அதன் உச்சிக்கு மகாமேரு என்று பெயர். புரோமோ என்பதும் நம் பிரம்மாதான், ஜாவானிய நாக்கில். சுற்றியுள்ள தெங்கர் மக்கள் இன்றும் இந்துக்கள். மணல்வெளி நடுவே கறுத்த கல்லில் அவர்கள் கோயில் இருக்கிறது, புரா லுஹூர் போத்தென். காசாடா திருவிழாவில் காய்கறி, பழம், கோழி, ஆடு என்று எரிமலை வாய்க்குள் காணிக்கை போடுவார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்த நாட்களில் பயணிகளை உள்ளே விடுவதில்லை. தேதி அவர்கள் நாட்காட்டிப்படி ஆண்டுக்கு ஆண்டு நகரும். டிக்கெட் எடுக்குமுன் பார்த்துக்கொள்.

இப்போது முக்கியமான சங்கதி. இந்தோனேசியாவில் எரிமலைக்கு, கீழிருந்து மேலாக, நான்கு எச்சரிக்கை நிலைகள்: நோர்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். புறப்படும் வாரமும், போகிற அன்று காலையும் ‘மேக்மா இந்தோனேசியா’ என்ற அரசு இணையதளத்தில் நிலையைப் பார். வஸ்படா என்றால் வாயிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் போகவேண்டாம் என்பது வழக்கமான அறிவிப்பு. வாய்க்கு ஏறும் படிக்கட்டு அந்த வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. எல்லாரும் ஏறுகிறார்கள் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள், கேட்காதே. எரிமலைக் குழம்பு மேலே ஏறி வரும் வெடிப்புக்கு நிலநடுக்கம் போல முன்னறிகுறி இருக்கும். தரைக்கடியில் தேங்கிய நீர் சட்டென்று ஆவியாகி வெடிப்பதற்குப் பெரும்பாலும் அறிகுறியே இராது. 2004 ஜூனில் புரோமோ வெடித்தபோது இரண்டு பேர் இறந்தார்கள். வட்டத்துக்கு வெளியே மணல்வெளியில் நின்று பார்த்தாலும் அந்த மலை குறைந்துவிடாது.

ஏறலாம் என்ற நாள் வாய்த்தால், கிராமத்திலிருந்து படியடிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம். அத்தைக்கு ஜீப், பிறகு குதிரை. குதிரை படியடியோடு நின்றுவிடும். படிகள் சுமார் 250, பத்துமலையைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் உயரத்தில் மூச்சு வாங்கும், படிமேல் சாம்பல் மணல் படிந்து விளிம்பு தெரியாது. இறங்கும்போதுதான் வழுக்கும், குதிகாலை முதலில் ஊன்றி, கம்பியைப் பிடித்து இறங்கச் சொல். மேலே தடுப்புச் சுவர் கொஞ்ச தூரம்தான். அது முடிகிற இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் உதிரிச் சாம்பல் சரிவு.

கூட்டம் விடியலில், உதயம் பார்க்கும் பெனாஞ்சாக்கான் மேட்டில் நிற்கும், ஏழு மணிக்கு மேல் மொத்தமாக வாய்க்கு வரும். முதல் நாள் நீங்கள் மாற்றிச் செய்யுங்கள்: கூட்டம் அங்கே நிற்கும்போதே மணல்வெளியில் நடங்கள். உதயத்தை மறுநாள் கிராமத்துக்கு மேலேயுள்ள செருனி என்ற காட்சிமுனையில் பாருங்கள். பெனாஞ்சாக்கான் 2,770 மீட்டர், காட்சி விரிவுதான். ஆனால் ஜீப் நெரிசலில் அத்தை கடைசித் தூரத்தை இருட்டில் நடக்க வேண்டிவரும்.

தம்பிக்கு: கந்தகப் புகை மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே இறுக்கிவிடும், குளிர்காற்று அதற்குத் துணை போகும். என்95 முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதைப் போட்டிருக்கிறான் என்ற தைரியத்தில் மேலே கூட்டிப் போகாதே. முதலில் மருத்துவரிடம் கேள். இன்ஹேலர் அவன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். குளிர்ந்துபோனால் சரியாகப் பீய்ச்சாது. தொண்டை கரித்தாலோ இருமல் எடுத்தாலோ, படம் எடுக்க நிற்காமல் காற்று வரும் திசைப் பக்கமாக இறங்கிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிவு, ஆனால் விடியலில் புல்மேல் உறைபனிகூட விழும். கேமரன் மலைக்கு எடுத்துப்போகும் ஒற்றைச் சுவெட்டர் போதாது. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். மெல்லியதாக மூன்று அடுக்கு, குல்லா, கையுறை, மூடிய காலணி. கண்ணில் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடு. அந்த மணல் மாவு போல எங்கும் புகும்.

சாப்பாட்டில் ஒன்று. நம் ஊரில் டாகிங் என்றால் மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்வோம். அங்கே அது பொதுவாக இறைச்சி. மாட்டுக்குச் சாப்பி என்பார்கள். பக்சோ என்ற இறைச்சி உருண்டை பெரும்பாலும் மாடுதான், அத்தைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே. சோயாவில் செய்த தாஹு, தெம்பே எங்கும் கிடைக்கும்.

தேதி முடிவானதும் எழுது. என் கையுறையும் தலைவிளக்கும் சும்மாதான் கிடக்கின்றன, செந்தூலுக்கு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
கோமதி