டப்பிங் தியேட்டர் வாசலில் நிற்கும் பாக்கி

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

அண்மையில் வந்த ஒரு படத்தில் நாயகனின் அப்பா வாயைத் திறக்கிறார், பேசுவது வேறொருவர். பார்த்தவர்களுக்கு ஏதோ இடறியது, என்னவென்று பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். பாக்கிச் சம்பளம் வந்தால்தான் டப்பிங்குக்கு வருவேன் என்று அந்த நடிகர் சொன்னார். மறுநாள் சாயங்காலத்துக்குள் அவருடைய வசனம் முழுவதையும் ஒரு குரல் கலைஞரை வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். குரல் கலைஞர்மேல் குற்றமில்லை. கூப்பிட்டார்கள், வந்தார், தொழிலைச் செய்தார்.

பாக்கியை 'டப்பிங்கில் செட்டில்' செய்வது என்ற வழக்கம் நீங்கள் அறியாததல்ல. கொஞ்சம் அட்வான்ஸ், படப்பிடிப்பின் நடுவில் ஒரு தொகை, மிச்சம் டப்பிங்கின்போது. நாயகனிடம் இந்த வழக்கம் அட்சரம் பிசகாமல் நடக்கிறது. பணம் வராமல் அவர் மைக் முன்னால் நிற்கமாட்டார். அவர் குரலை மாற்றவும் உங்களால் முடியாது. குணச்சித்திர நடிகரிடம் அதே வழக்கம் தலைகீழாகிவிடுகிறது. "முதல்ல பேசி முடிச்சுக் குடுங்க சார், அக்கவுன்ட்ஸ்ல சொல்லியாச்சு." பதினைந்து காட்சிகளில் வருபவருக்கு டப்பிங் ஒரு நாள் வேலை. மூச்சிரைப்பு, இருமல், திரும்பிப் பார்க்கும்போது வரும் 'ம்' உட்பட எல்லாம் பதிவான பிறகு அவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு மேனேஜர் போனை எடுப்பதில்லை.

ஒரு படம் வெளியாவதற்கு முந்தின இரவில் யார் யாருக்குப் பணம் போகிறது என்று பாருங்கள். கடன் பாக்கி இல்லையென்று ஃபைனான்சியர் கடிதம் கொடுக்காவிட்டால் படம் வராது, அவருக்குப் போகிறது. படத்தைத் திறக்கும் டிஜிட்டல் கீயை அதற்கான நிறுவனம் அனுப்பாவிட்டால் தியேட்டரில் படம் ஓடாது, அங்கேயும் போகிறது. கையில் ஒரு பூட்டு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடுகிறது. குணச்சித்திர நடிகர் கையில் இருந்த ஒரே பூட்டு அவருடைய குரல். அதற்கும் மாற்றுச் சாவி செய்துகொண்டீர்கள்.

எனவே கோரிக்கை ஒன்றுதான்: டப்பிங்குக்கு முந்தின நாள் பாக்கி முழுவதும் அவர் வங்கிக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும்.

செக்காக அல்ல. தேதி தள்ளிப் போட்ட செக்கின் கதை உங்களுக்குத் தெரியும். அது திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அப்போதும் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் போன வாரமே அந்த நடிகர் 'பிரச்சினை பண்ற ஆளு' ஆகிவிடுவார். அடுத்த படத்தின் அப்பா வேஷத்துக்கு அவர் பெயரை எந்த மேனேஜரும் சொல்லமாட்டார். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கொடுத்த கொஞ்சத்திலும் வருமான வரிக்காக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள், அதை அரசுக்குக் கட்டாமல் விடுவார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய உட்காரும்போதுதான், பிடித்த தொகை தன் பெயரில் ஏறவே இல்லை என்று நடிகருக்குத் தெரியவரும்.

இவர் காத்திருப்பது டப்பிங்குக்கு மட்டுமல்ல. 12 நாள் கால்ஷீட் என்று பேசுவார்கள். நாயகனின் தேதிக்கேற்ப அது நான்கைந்து மாதங்களில் சிதறிக் கிடக்கும். நடுவில் தாடியை எடுக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, காட்சிக்குக் காட்சி தோற்றம் ஒத்துப்போகும் கண்டினியூட்டி போய்விடும். படப்பிடிப்பு முடிந்த பிறகும் விட்டுப்போன துண்டுக் காட்சிகளை எடுக்கும் பேட்ச் ஒர்க் இருக்கலாம், அப்படியே இருங்கள் என்பார்கள். அந்தத் தாடியால் கைவிட்டுப்போகும் போலீஸ் வேஷத்துக்கு யாரும் ஈடு கொடுப்பதில்லை. 12 நாளுக்குச் சம்பளம் பேசி ஐந்து மாதத்தை வாங்கிக்கொள்கிறீர்கள். அந்தச் சம்பளத்தையாவது கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

குரல்தானே, யார் பேசினால் என்ன என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். எம்.ஆர்.ராதாவின் கரகரப்பை எடுத்துவிட்டு அவர் காட்சி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். வி.கே.ராமசாமியின் இழுவையை எடுத்துவிட்டுப் பாருங்கள். அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதனைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லலாம். டப்பிங்கிலும் சின்னத்திரையிலும் நெடுங்காலம் உழைத்த எம்.எஸ்.பாஸ்கருக்கு 'பார்க்கிங்' படத்துக்காகத் துணை நடிகருக்கான தேசிய விருது 2025இல் அறிவிக்கப்பட்டபோது திரையுலகம் மனமார வாழ்த்தியது. நடித்த முகத்திலிருந்து குரலைப் பிடுங்கினால் பாதி நடிப்பு போய்விடும் என்பதை அவரைப் பார்த்தாவது ஒப்புக்கொள்ளலாம்.

சின்னத்திரையைப் பற்றிப் பேச இது இடமில்லை; ஆனாலும் உங்களில் சிலர் சீரியலும் தயாரிக்கிறீர்கள். புடவையும் சட்டையும் நடிகரே வீட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த மாதம் நடித்ததற்கு இரண்டு மாதம் கழித்துப் பணம். நடுவில் டி.ஆர்.பி. சரிந்தால் பாத்திரத்தைக் கொன்று, சுவரில் படம் மாட்டி மாலை போட்டுவிடுவார்கள். மாலை வாடிய பிறகும் பாக்கி மட்டும் உயிரோடு இருக்கும்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கவும்.

சிறு தயாரிப்பாளர்களின் நெருக்கடி புரியாமல் இதை எழுதவில்லை. வட்டி ஏறுவதும், விற்காத படம் பெட்டிக்குள் தூங்குவதும் தெரியும். ஆனால் ஒரு குணச்சித்திர நடிகரின் பாக்கி, பாடல் காட்சி ஒன்றுக்குப் போடும் செட்டின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. படம் நின்றுபோய் டப்பிங்கே நடக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்து 60 நாளில் பாக்கி கொடுக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். நடிகரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் குரலை மாற்றக் கூடாது என்பது இரண்டாவது வரி. ஒப்பந்தமே எழுதாமல் வாட்ஸ்அப்பில் தேதி மட்டும் அனுப்பும் பழக்கத்தையும் அத்தோடு கைவிட்டுவிடலாம்.

டப்பிங்குக்கு முந்தின நாள், முழுப் பாக்கி, வங்கிக் கணக்கில். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் படங்களின் அப்பாக்கள், அத்தைகள், தாய்மாமன்கள், ஏட்டையாக்கள் சார்பில்